முதுகெலும்பு கேட்கும் நீதி

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சிரசைத் தாங்கி நிற்பது எது என்று எவரும் கேட்பதில்லை. முகத்தை நாளுக்குப் பத்து முறை கண்ணாடியில் பார்க்கிறோம். கையைப் பார்க்கிறோம், காலைப் பார்க்கிறோம். வாழ்நாள் முழுவதும் நம்மோடு வந்தும், நம் கண்ணால் நேரே பார்க்கவே முடியாத ஓர் உறுப்பு உண்டு. அதுதான் முதுகு. பார்க்க முடியாததனால்தானோ என்னவோ, அதன்மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நினைத்துவிட்டோம்.

பேச்சில் மட்டும் முதுகுக்குக் குறைவில்லை. துணிவற்றவனை முதுகெலும்பு இல்லாதவன் என்கிறோம். வஞ்சகனை முதுகில் குத்துபவன் என்கிறோம். ஆபத்தில் உதவுபவன் தோள் கொடுக்கிறான். பாராட்ட நினைத்தால் முதுகில் தட்டிக் கொடுக்கிறோம். உழவர்களும் உழைப்பாளர்களுமே நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். உவமைக்கு முதுகெலும்பு வேண்டியிருக்கிறது. உண்மையான முதுகெலும்புக்காக ஒரு சொல் பேசத்தான் ஆளில்லை! அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருவர்

நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மனித எலும்புக்கூடு தொங்குவதை நண்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். முதலாம் ஆண்டில் அதனருகே நின்று கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் ஆண்டில் செய்முறைத் தேர்வுக்காக அதன் முதுகெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டி வந்தபோதுதான் அதன் அருமை புரிந்தது.

மனிதனின் முதுகெலும்புத் தொடரில் 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இந்த 24-ம் தனித்தனியே அசைபவை. அதற்குக் கீழே ஐந்து ஒன்றாக இணைந்து திரிக எலும்பாகவும், இறுதியில் பெரும்பாலும் நான்கு இணைந்து வாலெலும்பாகவும் நிற்கின்றன. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் ஏழே எலும்புகள்தாம்! ஒவ்வொன்றும் நீண்டிருக்கிறதேயன்றி எண்ணிக்கை கூடவில்லை.

கழுத்தின் முதல் எலும்புக்கு ‘அட்லஸ்’ என்று பெயர். வானத்தைத் தோளில் சுமந்து நிற்கும்படி தண்டிக்கப்பட்ட கிரேக்கப் புராணப் பாத்திரத்தின் பெயர் அது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள நம் தலை அதன்மேல்தான் அமர்ந்திருக்கிறது. ‘ஆம்’ என்று நாம் தலையை மேலும் கீழும் அசைக்கும்போது, மண்டையோடு அட்லஸின் மேல் அசைகிறது. ‘இல்லை’ என்று பக்கவாட்டில் ஆட்டும்போது, அட்லஸ் தனக்குக் கீழுள்ள இரண்டாம் எலும்பின் முளையைச் சுற்றிச் சுழல்கிறது. ஆமென்பதும் இல்லையென்பதும் இரு வேறு மூட்டுகளின் வேலை என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

முதல் கழுத்தெலும்பு தவிர, அசையும் எலும்புகள் ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் இடைத்தட்டு உண்டு. இதைத்தான் நம்மவர்கள் ‘ஜவ்வு’ என்கிறார்கள். மொத்தம் 23. நடுவே கூழ் போன்ற பகுதி; அதைச் சுற்றி வெங்காயச் சருகு போல் அடுக்கடுக்காக நார் வளையங்கள். முதுகெலும்புத் தொடரின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் தட்டுகளின் உயரமே. பகலெல்லாம் பாரத்தில் அமுங்கி நீரை இழக்கின்றன; இரவில் படுத்தபின் நீரை உறிஞ்சி மீண்டும் உப்புகின்றன. ஆகவேதான் காலையில் நாம் மாலையில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்கிறோம். வளர்ந்த மனிதனின் இடைத்தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்தைக் கொண்டே அது பிழைக்க வேண்டும். அதனால், ஒருமுறை கிழிந்தால் எளிதில் கூடாது.

இனித் தோளுக்கு வருவோம். முழுக் கையையும் உடம்போடு இணைக்கும் எலும்புப் பாலம் ஒன்றே ஒன்றுதான். அது சுண்டுவிரல் பருமனுள்ள காறை எலும்பு. பின்னால் இருக்கும் தோள்பட்டை எலும்போ விலா எலும்புகளின்மேல் எங்கும் பொருத்தப்படாமல், தசைகளின் பிடியிலேயே மிதக்கிறது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல் அதில் சாய்ந்து நிற்கிறது. அது உருண்டு விழாமல் நான்கு சிறு தசைகள் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கையை எத்திசையிலும் சுழற்றும் உரிமைக்கு நாம் கொடுத்த விலை இந்த உறுதிக் குறைவு. பிடரியிலிருந்து முதுகின் நடுவரையிலும், இருபுறமும் தோள்வரையிலும் விரிந்து கிடக்கும் ‘ட்ரபீசியஸ்’ என்னும் பெருந்தசைதான் தோளைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தோளில் சுமந்தவனுக்குக் கழுத்து வலிப்பது இதனால்தான்.

யாருடைய எலும்பு?

ஒருநாள் அந்த எலும்புக்கூட்டின் கழுத்தெலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழுள்ள சிலவற்றின் விளிம்பில் மட்டும் சிறுசிறு முளைகள் இருப்பதைக் கண்டேன். எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். “வயதானாலும் வரும், அதிகப் பாரம் தாங்கினாலும் வரும். இவர் எப்படி வாழ்ந்தார் என்று நமக்குத் தெரியாதே, தம்பி” என்றார் அவர்.

‘இது’ என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ‘இவர்’ என்றார்! அன்றிலிருந்து எனக்கும் அது ‘இவர்’ ஆயிற்று.

உடற்கூற்றியலின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை புலப்படும். மனித உடலை நேரே அறுத்துப் பார்த்து வெசாலியஸ் தம் பெருநூலை 1543-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த உடல்களில் பல தூக்கிலிடப்பட்டவர்களுடையவை. இங்கிலாந்தில் 1832-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழை விடுதிகளில் இறந்து கேட்பாரற்றுக் கிடந்தவர்களின் உடல்கள் மருத்துவப் பள்ளிகளுக்குச் செல்ல வழிசெய்தது. நம் நாட்டிலோ, 1985-ஆம் ஆண்டில் அரசு தடை செய்யும் வரை, மனித எலும்புக்கூடுகள் பெருமளவில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. செல்வந்தரின் எலும்பு கப்பலேறியிருக்குமா? முதுகைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் ஏழைகளின் முதுகிலிருந்துதான். கற்ற பாடம் அந்த ஏழைகளின் முதுகுக்குத் திரும்பிச் சென்றதா என்பதே என் கேள்வி.

அப்பாவின் பாடம்

இக்கேள்வி எனக்கு நூலகத்தில் பிறந்ததன்று, வீட்டில் பிறந்தது. என் தந்தையார் நெல், அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். 28 ஆண்டுகளாக அதே தொழில். அவருடைய எடை 58 கிலோ. பிடரிக்குக் கீழே, சட்டைக் கழுத்துப்பட்டை படும் இடத்தில், நுகத்தடி பட்ட மாட்டின் கழுத்தைப் போல் தோல் காய்த்துத் தடித்திருக்கும். குனிந்தால் எல்லோருக்கும் விரலில் தட்டுப்படுமே, அந்த ஏழாவது கழுத்தெலும்பு, அதன்மேல்தான் மூட்டை அமர்கிறது. இரண்டு ஆண்டுகளாக அவருக்கு இடப்பக்கம் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை மின்னல் வெட்டுவதுபோல் வலி. வாயுப் பிடிப்பு என்றார் ஒருவர். சுளுக்கு என்றார் இன்னொருவர். தைலம் தேய்த்தோம், தவிட்டு ஒத்தடம் கொடுத்தோம். கடைசியில் மருத்துவர், இடுப்பின் கீழ்த் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாகச் சொன்னார். உடம்பிலேயே பருத்த நரம்பான ‘சயாட்டிக்’ நரம்பின் வேர்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. பாரம் தூக்கக்கூடாது என்றார் மருத்துவர். மூன்று வாரம் கழித்து அப்பா மண்டிக்குப் போய்விட்டார்.

கடந்த கோடை விடுமுறையில் நானும் அவரோடு பத்து நாள் போனேன். முதல் நாளே அவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

“தம்பி, மூட்டையை எட்டி எடுக்காதே. வயித்தோட ஒட்டி எடு. எட்டி எடுத்தா இடுப்பு போயிடும்.”

“முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு. தூக்கினப்புறம் இடுப்பை முறுக்காதே; காலைத் திருப்பு.”

“தரையில கிடக்கிற மூட்டைதான்டா ஆளைச் சாய்க்கும். லாரித் தட்டுல இருக்கிறது தானா முதுகுக்கு வந்துடும்.”

எட்டாம் வகுப்போடு நின்றவர் சொன்ன மூன்று விதிகள் இவை. கல்லூரிக்குத் திரும்பியபின் நெம்புகோல் தத்துவத்தைக் கொண்டு அவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். குனிந்து தூக்கும்போது இடுப்பின் இடைத்தட்டுதான் தாங்குபுள்ளி. முதுகை நிமிர்த்தும் தசைகள் அதற்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் இழுக்கின்றன. சுமையோ முன்னால், 40 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். 25 கிலோவைத் தூக்க, 25-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 200. அதாவது, நம் உடம்பின் மேற்பாதி எடையைச் சேர்க்காமலேயே தசைகள் 200 கிலோ விசையோடு இழுத்தாக வேண்டும். அந்த இழுவையும் இடைத்தட்டின் தலையில்தான் விழுகிறது. வயிற்றோடு ஒட்டி, 20 சென்டிமீட்டர் தொலைவில் எடுத்தால் அது 100 ஆகக் குறைகிறது. தட்டி நிறுத்திய 50 கிலோவை ஒருவன் தனியே எட்டி எடுத்தால் 400!

அப்பா சொன்னது அத்தனையும் சரி. அப்படியிருந்தும் அவருடைய இடைத்தட்டு பிதுங்கிவிட்டதே, ஏன்? முறை தெரிந்தவரையும் அளவு மீறிய சுமை சாய்த்துவிடும் என்பதே விடை. ‘குனியும் முறை தெரியாமல் குனிகிறார்கள், அதனால்தான் முதுகு வலிக்கிறது’ என்று உழைப்பவர்மீதே பழி போடுவோருக்கு இதை நான் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

கழுதைக்கு 50, மனிதனுக்கு 55

சட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன; படித்துப் பார்த்தேன். இழுவை விலங்குகளையும் பொதி விலங்குகளையும் கொடுமையிலிருந்து காக்க நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி ஒரு கழுதையின் முதுகில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. மட்டக்குதிரைக்கு 70 கிலோ. நல்ல விதி; வரவேற்கிறேன்.

இனி மனிதனுக்கு வருவோம். உலகத் தொழிலாளர் அமைப்பு, தனியொருவர் சுமக்கும் எடை குறித்து 1967-ஆம் ஆண்டில் 127-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதனோடு வெளியிட்ட பரிந்துரையில் வயது வந்த ஆணுக்கு 55 கிலோவை மேல்வரம்பாகச் சொன்னது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றது 2010-ஆம் ஆண்டில்தான்; அதாவது 43 ஆண்டுகள் கழித்து! கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகளும் ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்றே வகுத்தன.

கழுதைக்கு 50, மனிதனுக்கு 55. கழுதையின் முதுகு நான்கு தூண்கள்மேல் கிடத்திய பாலம். மனிதன் முதுகோ நட்டுவைத்த கம்பம். அடியிலுள்ள எலும்பு மேலுள்ள அத்தனையையும் தாங்க வேண்டும். அந்தக் கம்பமும் நேரானதன்று. பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வளைவாக இருக்கிறது. தலை நிற்கும் பருவத்தில் கழுத்து முன்வளைகிறது. நடக்கத் தொடங்கும்போது இடுப்பு முன்வளைகிறது. வில் போன்ற இந்த வளைவுகள் நம் நடையின் அதிர்ச்சியைத் தாங்கத் தோன்றியவை. சிமெண்டு மூட்டையைத் தாங்கத் தோன்றியவை அல்ல.

குழந்தைகளைப் பொறுத்தவரை நாடு கொஞ்சம் விழித்துக்கொண்டது. யஷ்பால் குழு 1993-ஆம் ஆண்டில் சுமையில்லாக் கல்வி வேண்டும் என்று அறிக்கை தந்தது. புத்தகப் பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை கூறியது. அதே விகிதத்தை என் தந்தைக்குக் கேட்டால் ஆறு கிலோதான் வரும். அவ்வளவு வேண்டாம்! ஆனால் பத்தில் ஒன்றுக்கும் பத்தில் பத்துக்கும் இடையே நியாயமான ஓர் அளவு இருக்கக்கூடாதா?

மூட்டையின் எடையை யார் முடிவு செய்கிறார்கள்?

‘50 கிலோ என்பது வழக்கமாகிவிட்டது, மாற்ற முடியாது’ என்பார்கள். அப்படியா? ஒரு காலத்தில் 100 கிலோ சாக்கு மூட்டைகளைச் சுமந்தவர்கள் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். அது 50 ஆயிற்றே. வானம் இடிந்து விழவில்லையே!

இன்னொரு செய்தி. 2022-ஆம் ஆண்டு ஜூலையில், 25 கிலோ வரை பையிலிட்டு முத்திரையோடு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு சரக்கு, சேவை வரி வந்தது. உடனே என்ன நடந்தது? கடைகளில் 26 கிலோ மூட்டை தோன்றியது! பை மாறியது, அச்சு மாறியது, சில வாரங்களில் எல்லாம் மாறிவிட்டது. வரிக்காக ஒரு கிலோவைக் கூட்ட முடிந்த நம்மால், மனிதன் முதுகுக்காக 25 கிலோவைக் குறைக்க முடியாதா? மூட்டையின் எடை இயற்கை விதித்ததன்று. யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து எழுதிய எண் அது. எழுதியதைத் திருத்தி எழுதலாம்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இக்கருத்தை நான் முதலில் சொன்னபோது எதிர்த்தவர் என் தந்தையார்தான்! “மூட்டை சிறுத்தா கூலியும் சிறுக்கும்டா. இருபது நடை போற இடத்துல நாற்பது நடை போகணும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வரையில், எடையைக் குறைப்பது அவர் வயிற்றில் அடிப்பதாகவே முடியும். ஆகவே இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். மூட்டையின் எடை 25 கிலோவாகட்டும். கூலி மூட்டைக் கணக்கில் இல்லாமல் குவிண்டால் கணக்கில் இருக்கட்டும். நடை கூடும் என்பது உண்மையே. ஆனால் காலுக்கு நடை பழகிய தொழில். இடைத்தட்டைக் கிழிப்பது நடையன்று, ஒரே நொடியில் விழும் பெரும்பாரம். இதைச் சொன்னபோது அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “குவிண்டால் கணக்குன்னா சரிதான்” என்றார்.

சுமைதாங்கியின் உயரம்

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்க ஓர் இடம் செய்தார்கள். எங்கள் ஊர் எல்லையில் ஒன்று இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது.

அந்தக் கல்லின் உயரத்தை யாரேனும் கவனித்ததுண்டா? ஓர் ஆளின் மார்பளவோ தோளளவோ இருக்கும். தலையில் சும்மாட்டின்மேல் சுமை வைத்திருப்பவன் குனியாமல், பிறர் துணையின்றி அதன்மேல் தள்ளிவிடலாம்; இளைப்பாறியபின் குனியாமலே மீண்டும் தலைக்கு ஏற்றலாம். ‘தரையில் கிடக்கிற மூட்டைதான் ஆளைச் சாய்க்கும்’ என்று அப்பா சொன்னாரே, அந்த விதியைக் கல்லிலே செய்து வைத்தவர்கள் நம் ஊரார். இன்று மண்டிகளிலும் கிடங்குகளிலும் மூட்டைகள் தரையில் கிடக்கின்றன. இடுப்புயர மேடை ஒன்று கட்ட எவ்வளவு செலவாகும்? ஒருவனுடைய முதுகுத் தண்டைவிட அதிகமாகவா?

நாம் செய்யக்கூடியவை

எடையைக் குறைப்பது அரசின் கையில். மேடை கட்டுவது வணிகரின் கையில். நம் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது.

நம் கல்லூரி வளாகத்தைப் பெருக்கும் அம்மாவைப் பாருங்கள். கையில் ஒரு முழச் சீமாறு. காலை ஆறு மணியிலிருந்து இடுப்பை இரண்டாக மடித்தே பெருக்குகிறார். நீண்ட கழியில் கட்டிய துடைப்பம் கொடுத்தால் அவர் நிமிர்ந்து நின்று பெருக்கலாம். இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம். இவ்வாண்டே மாணவர் மன்றம் இதைச் செய்யட்டும் என்று முன்மொழிகிறேன். தேர்வுக் காலத்தில் பெஞ்சுகளை மாடிக்கு ஏற்ற உதவியாளர் இருவர் மட்டும் போராடுகிறார்கள். நாம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம். தோள் கொடுத்தல் என்பதன் பொருளை அங்கேயே கற்கலாமே! கடைகளில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் நம் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. துணி எடுக்கப் போகும்போது, அங்கே நாற்காலி இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

நம் முதுகையும் மறக்க வேண்டாம். கைப்பேசியைப் பார்க்கத் தலையைக் கவிழ்க்கும்போது, ஐந்து கிலோத் தலையின் எடை கழுத்துக்கு நேர்மேலிருந்து முன்னால் நகர்ந்துவிடுகிறது. அதே நெம்புகோல் கணக்குத்தான். கவிழாமல் பின்னால் இழுத்துப் பிடிக்கப் பிடரித் தசைகள் படும் பாடு கொஞ்சமன்று. கைப்பேசியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். இடைத்தட்டுக்கு இரத்தமில்லை, அசைவுதான் அதற்கு உணவு. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டதாக உலகச் சுகாதார அமைப்பு கூறுகிறது. அக்கணக்கில் நாமும் சேர வேண்டியதில்லை.

கடைசியாக, என் முதுகில் நானே சுமந்துகொண்டிருந்த ஒரு சுமையை இறக்கிவைக்கிறேன். முதலாம் ஆண்டில் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தந்தையின் தொழிலைச் சொன்னோம். “மண்டியில் வேலை” என்றேன் நான். கணக்கெழுதுபவர் போலும் என்று நண்பர்கள் நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. மூன்று ஆண்டுகளாகத் திருத்தவில்லை. அன்று தலை நிமிர்ந்துதான் சொன்னேன். ஆனால் முதுகெலும்பு இல்லாமல் சொன்னேன்.

இப்போது திருத்துகிறேன். என் தந்தை மூட்டை தூக்குபவர். நீங்களும் நானும் உண்ட அரிசியில் ஒரு பங்கு அவருடைய ஏழாவது கழுத்தெலும்பின் வழியாகத்தான் நம் வீட்டுக்கு வந்தது. தம் இடுப்பின் இடைத்தட்டைக் கொடுத்து என்னை இந்த வகுப்பறையில் உட்கார வைத்திருக்கிறார்.

அவருக்காக இரக்கம் கேட்கவில்லை. 25 கிலோ மூட்டையும், இடுப்புயர மேடையும், குவிண்டால் கணக்கில் கூலியும் கேட்கிறேன். நம்மில் சிலர் நாளை அதிகாரிகளாவோம், சிலர் வணிகராவோம், சிலர் சட்டம் எழுதும் இடத்துக்கும் போவோம். எடையைக் குறித்து ஓர் எண்ணை எழுத வேண்டிய நாள் வரும்போது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நொடி கையைப் பிடரிக்குக் கொண்டுபோங்கள். குனிந்தால் விரலில் தட்டுப்படும் அந்த எலும்பைத் தொட்டுப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்!